அவன் எழுதியது இவ்வளவுதான்

பி, ஆர், பி என்ற மூன்று எழுத்து திரையில் விழுந்து இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது. கிருபா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டில் அம்மாவைப் பெஞ்சில் கிடத்திவிட்டு வந்திருந்தாள். காலை பதினொன்று நாற்பதுக்கு மூச்சு நின்றது. இப்போது மாலை ஏழரை ஆகப் போகிறது.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். போன வருஷம் வரை வெறும் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. இன்டர்நெட் வந்ததும் கடை முதலாளி நரசிம்மலு ஆறு கம்ப்யூட்டர் வாங்கி நடுவில் பலகைத் தடுப்பு வைத்தார். கிருபா அங்கே ஐந்து வருஷமாக டைப்பிஸ்ட். அன்றைக்கு அவள் வேலைக்கு வரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்குச் சேதி சொல்ல வந்திருந்தாள்.

மத்தியானமே எஸ்டிடி பூத்திலிருந்து போன் போட்டுப் பார்த்தாள். அங்கே அப்போது நடுராத்திரி. தம்பி சாமுவேல் இன்னும் ஆறு பேரோடு தங்கியிருந்த வீட்டில் மெஷின்தான் எடுத்தது. பெயரையும் சேதியையும் சொல்லச் சொல்லி ஒரு வெள்ளைக்காரக் குரல் கேட்டது. மெஷினிடம் அம்மா செத்துப்போனாள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வைத்துவிட்டாள். இனி அவன் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் அகப்படுவான். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே ஆறரை. அதுவரை காத்திருந்து, தாய்மாமன் ஐயாசாமியிடம் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

மெசஞ்சரில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கிருபா இங்கிலீஷில் டைப் அடித்தாள். அம்மா இன்று காலை பதினொன்று நாற்பதுக்கு இறந்துவிட்டார். கடைசியில் வலி இல்லை. நீ எப்போது புறப்படுகிறாய் என்று மாமா கேட்கச் சொன்னார். கமாவும் முற்றுப்புள்ளியும் அதனதன் இடத்தில் விழுந்தன. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

பதில் உடனே வந்தது. ஓ, எம், ஜி. 'ஐயோ கடவுளே' என்பதற்கு அந்த மூன்று எழுத்து. ஒரு நிமிஷம் கழித்து பி, ஆர், பி. 'இதோ வந்துவிடுகிறேன்' என்பதற்கு இந்த மூன்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு காலேஜ் பையன்கள் எவளோ ஒருத்தியிடம் வயசும் ஊரும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நரசிம்மலு போய் அவர்களை அடக்கிவிட்டு வந்தார். அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். பதில் வந்தால் தானே வீட்டுக்கு வந்து சொல்வதாகவும், அவளை ஆகவேண்டிய காரியத்தைப் பார்க்கும்படியும் சொன்னார். கிருபா தலையாட்டினாள். எழுந்தபோது சாமுவேலின் பச்சை விளக்கு சாம்பல் நிறமாக மாறியது. அவன் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போயிருந்தான்.

படி இறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் கொதித்தன.

அம்மாவின் பிறந்த பேர் பழனியாத்தாள். சோமனூர்ப் பக்கம் ஒரு கவுண்டர் தோட்டத்தில் அப்பன், ஆத்தாளோடு பருத்தி எடுத்த காலத்துப் பேர் அது. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்து எஸ்தர் ஆக்கினார்கள். புருஷன் மில்லில் விபத்தில் செத்த பிறகு, ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தாள். எல்கேஜி வகுப்பு. சின்னஞ்சிறுசுகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, கால் கழுவிவிட்டு, ஏ ஃபார் ஆப்பிளைச் சுவரோரம் நின்று கேட்டபடி இருபத்திரண்டு வருஷம்.

ஆயாவின் பிள்ளைகளில் ஒன்றுக்கு அந்தப் பள்ளிக்கூடம் இலவசமாக இடம் கொடுத்தது. ஒன்றுக்குத்தான். கிருபாவுக்கு அப்போது ஐந்து வயது, சாமுவேலுக்கு மூன்று. அம்மா இரண்டு வருஷம் பொறுத்திருந்து அந்த இடத்தைத் தம்பிக்கு வாங்கினாள். கிருபாவைக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் விட்டாள். பெரியவளான பிறகு ஒருநாள் கிருபா நேரடியாகவே கேட்டாள். அம்மா மழுப்பவில்லை.

"உன்னைய எங்க உட்டாலும் நீ படிச்சுக்குவ கண்ணு. அவனைய நல்ல எடத்துல உட்டாத்தான் படிப்பான். அதான் அப்படிச் செஞ்சுபோட்டேன்."

அம்மா சொன்னபடிதான் நடந்தது. கிருபா பன்னிரண்டாவது முடித்துவிட்டு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தாள். இங்கிலீஷை அவள் காதால் கற்கவில்லை, விரலால் கற்றாள். லோயர், ஹையர் என்ற டைப்பிங் பரீட்சை இரண்டிலும் முதல் வகுப்பு. அந்தப் பரீட்சையில் ஒரு எழுத்து விட்டால் மார்க் போகும். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் எத்தனை எழுத்து என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அவள் சேர்த்ததுதான் அவளுடைய இங்கிலீஷ்.

சாமுவேல் இன்ஜினியரிங் முடித்து, தொண்ணூற்று ஒன்பது பிப்ரவரியில் அமெரிக்கா போனான். அங்கே பழைய கம்ப்யூட்டர்களில் வருஷத்தைக் கடைசி இரண்டு எண்ணாகச் சுருக்கி எழுதிவைத்துவிட்டார்களாம். இரண்டாயிரம் பிறந்தால் எல்லாம் குழம்பிவிடுமாம். அதைச் சரிபண்ணத்தான் இங்கிருந்து ஆள் எடுத்தார்கள். போன முதல் வாரம் ஒரு நீளக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மெசஞ்சரில்தான்.

யூ என்று சொல்ல மூன்று எழுத்து வேண்டும். அவன் ஒன்றுதான் போடுவான். ஆர் என்பதற்கும் ஒன்றுதான். ஜி டி ஜி என்றால் போகவேண்டும். டி டி ஒய் எல் என்றால் அப்புறம் பேசலாம். டி சி என்றால் உடம்பைப் பார்த்துக்கொள். ஆரம்பத்தில் கிருபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சென்டருக்கு வரும் காலேஜ் பெண்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டாள். பெரும்பாலும் அவன் போடுவது கே. 'சரி' என்று அர்த்தம். ஓகே என்பதே இரண்டு எழுத்துதான். அதிலும் ஒன்றை மிச்சம் பிடித்திருந்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷைத் தின்று வளர்ந்தவன், எழுத்துகளை இப்படிக் கீழே சிந்திக்கொண்டு போனான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏப்ரலில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கேன்சர் என்று தெரிந்தது. கிருபா அரைப் பக்கம் எழுதினாள். அதற்கு அவன் எஸ், ஆர், ஒய் என்று போட்டான். 'வருத்தமாக இருக்கிறது' என்பதற்கு. கூடவே மீட்டிங் இருப்பதாக இன்னொரு மூன்றெழுத்து.

அதை எப்படி அம்மாவிடம் சொல்வது? ஆனால் அம்மாவோ தினமும் கேட்டாள். தம்பி என்ன எழுதியிருக்கிறான், காகிதத்தில் எடுத்துக்கொண்டு வா என்பாள். கிருபா பிரிண்ட் எடுத்து வந்தாள். முதலில், இருந்ததைத்தான் விரித்துச் சொன்னாள். டி சி என்று இருந்தால், "உடம்பைப் பாத்துக்கம்மான்னு எழுதியிருக்கான்" என்பாள். அம்மாவின் முகம் அதற்கே மலர்ந்துவிடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். மாத்திரையை வேளைக்குப் போடச் சொன்னான். அங்கே ஒரே குளிராம். உன் கைக் கம்பஞ்சோறு கண்ணிலேயே நிற்கிறதாம். ராத்திரி தூக்கம் வராவிட்டால் ஜெபம் பண்ணச் சொல்கிறான், அவனும் அங்கே அதே நேரத்தில் பண்ணுகிறானாம். மே, ஜூன், ஜூலை. சொல்லச் சொல்லக் கிருபாவின் சாமுவேல் வளர்ந்துகொண்டே போனான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அவனைப் பற்றித்தான் பேசினாள்.

ரத்தினபுரிச் சந்துக்குள் கிருபா நுழைந்தபோது, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐயாசாமி மாமா எழுந்து வந்தார். சோமனூரில் தறி ஓட்டுகிறவர். அக்காவின் மேல் உயிர். கூட்டம் மொத்தமும் அவள் வாயையே பார்த்தது.

"பையன் என்ன சொன்னான் கண்ணு?"

நான்கு மாதமாகச் செய்ததைப்போல அவளால் இப்போதும் ஒன்றைக் கட்டிச் சொல்லியிருக்க முடியும். லீவு கேட்டிருக்கிறான், டிக்கெட் கிடைக்கவேண்டும், அழுதான் என்று. அவள் அப்படிச் செய்யவில்லை. திரையில் இருந்ததை, இருந்தபடியே தமிழில் சொன்னாள்.

"இப்ப வந்தர்றேன்னு போட்டிருக்கறானுங்க மாமா."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும், அவன் வந்துவிடுவான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உடனே ஆள் அனுப்பி ஐஸ் பெட்டி எடுத்துவரச் சொன்னார். பாஸ்டரிடம் போய், அடக்கத்தைத் தள்ளிவைக்க வேண்டும், மகன் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டுவிட்டான் என்றார். கிருபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை சொல்லி மாமாவை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தோன்றவில்லை. அவன்தானே எழுதினான், வரட்டும், அல்லது வரவில்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று நெஞ்சுக்குள் ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு யாஸ்மின் அக்கா வந்து கூப்பிட்டாள். அந்தச் சந்தில் போன் இருந்தது அவள் வீட்டில் மட்டும்தான். சாமுவேல் பேசுகிறான் என்றாள். கிருபா போய் ரிசீவரை எடுத்தாள். அந்த முனையில் அவன் அழுதுகொண்டிருந்தான். அவள் அழட்டும் என்று விட்டாள். பிறகு அவனாகவே பேசினான்.

"என்னால வர முடியாதுக்கா. விசாவை வேற கம்பெனிக்கு மாத்தீட்டு இருக்கறாங்க. இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள உடமாட்டாங்க. டிசம்பர் வரைக்கும் யாருக்கும் லீவும் இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க."

"நேத்து வந்தர்றேன்னு எழுதினயே."

"நானா? எப்ப?"

"பி, ஆர், பி."

சாமுவேல் மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா, நீ எழுதினப்ப இங்க தேதி ஒன்பது ஒன்பது தொண்ணூத்தொம்பது. அந்தத் தேதியில எல்லாமே நின்னு போயிருமோன்னு பயந்துட்டு, மேனேஜர் ஒவ்வொருத்தன் முதுகுக்குப் பின்னாடியும் வந்து வந்து நின்னுட்டிருந்தான். சட்டுனு மூட வேண்டியதாப் போச்சு. எந்திரிச்சுப் போறப்ப எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. ஒண்ணுக்குப் போனாக்கூட அதைத்தான் போடுவோம்."

கிருபா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள். திரும்பக் காதில் வைத்தாள்.

"இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு எழுதறதுக்கு நாலே எழுத்துதான் சாமு. ஏ, எம், எம், ஏ. இந்த நாலு மாசத்துல ஒருக்கா எழுதியிருக்கலாம்."

ஏழு பேர் தூங்குகிற அறையில், பாத்ரூமுக்குள் போனை இழுத்துவைத்துக்கொண்டு பேசுவதாகச் சொன்னான். இங்கே வந்ததிலிருந்து யாரிடமும் ஒரு வாக்கியம் முழுசாகப் பேசியதே இல்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம் தணியவில்லை. எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று புரியாமல் இன்னும் ஏறியது.

"அம்மா கடைசியா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டான்.

"தண்ணி கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மாமாவிடம் வந்து அவன் வரவில்லை என்றாள். காரணத்தையும் சொன்னாள். மாமா இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார், அவனைத் திட்டுவார், ஊரைக் கூட்டி நியாயம் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். மாமா ஒரு பெருமூச்சு விட்டார்.

"பாவம், அந்நிய தேசத்துல தனியாக் கெடந்து எப்படி அழுகறானோ" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த நிமிஷமே எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வர மனசிருந்தும் வர முடியவில்லையே என்று ஒருத்தி உச்சுக்கொட்டினாள். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று இன்னொருத்தி அவனுக்காக அழுதாள். அம்மாவோடு ஆயா வேலை பார்த்த மாசாணம் அக்கா நீலச் சேலையோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். எஸ்தர் அக்கா அவனுடைய கடிதங்களைப் பற்றித் தன்னிடம் சொல்லாத நாளே இல்லை என்றாள். மழை பிடித்ததும் வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லி அவன் அங்கிருந்தே எழுதினானாமே, எந்த மகன் இப்படி எழுதுவான் என்று கேட்டாள். வெந்நீர்ப் பை யோசனை கிருபாவுடையது. பையை வாங்கி வந்தவளும் அவள்தான். ராத்திரி எத்தனை தடவை அதை நிரப்பினாள் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை.

மூத்திரத் துணி மாற்றியது, புண்ணைத் துடைத்தது, முதுகைத் திருப்பிப் போட்டது எதற்கும் ஒரு சொல் இல்லை. அது மகள் செய்கிற வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த கே என்ற எழுத்துக்கு ஊரே அழுதது.

மூன்று மணிக்கு பாஸ்டர் வந்து ஜெபத்தைத் தொடங்கினார். சந்து அடைத்துக் கூட்டம். அம்மாவின் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார். கடைசியில் மாமா எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பாஸ்டர் தலையசைத்துவிட்டுக் கிருபாவின் பக்கம் திரும்பினார். மகன் வர முடியாத குறை தீர, அவன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை மகள் வாசிக்கட்டும். சாமுவேல் இங்கே நின்று பேசினதாக இருக்கும் என்றார்.

காகிதங்கள் அம்மாவின் பைபிளுக்கு அடியில் இருந்தன. பள்ளிக்கூடத்துச் சிவப்பு ரிப்பனால் கட்டியிருந்தாள். கிருபா முடிச்சை அவிழ்த்தாள். முதல் காகிதத்தை எடுத்து, தன்னுடைய வரிகளை விட்டுவிட்டு அவன் வரிகளை மட்டும், டைப்பிங் வகுப்பில் வாய்விட்டுச் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"மே பத்தொன்பது. கே. ஜி, டி, ஜி."

அடுத்தது.

"ஜூன் ஏழு. கே. டி, சி. டி, டி, ஒய், எல்."

அடுத்தது.

"ஜூலை இருபத்தி ரெண்டு. பிஸி. ஜி, டி, ஜி."

"ஆகஸ்ட் மூணு. கே."

"ஆகஸ்ட் நாலு. கே."

ஆரம்பத்தில் எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷில் படித்துவிட்டுப் பிறகு தமிழில் சொல்வாள் என்று காத்திருந்தார்கள். ஆறாவது ஏழாவது காகிதத்தில் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிருபா நிறுத்தவில்லை. கடைசிக் காகிதம் வரை படித்து, அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டாள். பாஸ்டர் அவள் பக்கம் குனிந்தார்.

"தமிழ்ல சொல்லு அம்மணி. எல்லாருக்கும் புரியட்டும்."

"அவன் எழுதியிருக்கறது இவ்வளவுதானுங்க."

"அக்கா எங்கிட்டச் சொன்னதெல்லாம்?" என்று மாமா கேட்டார். "கம்பஞ்சோறு, ஜெபம் பண்ணச் சொன்னது, அதெல்லாம் எதுல இருக்குது?"

"எதுலயும் இல்லீங்க மாமா. அதெல்லாம் நாஞ் சொன்னது."

எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. அதன் வாயைத் தாய் பொத்தினாள். மாசாணம் அக்கா கிருபாவை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஐயோ பாவம் இல்லை. வீட்டுக்குள் ஒளித்துவைக்க வேண்டியதைச் சந்தியில் கொண்டுவந்து போட்டவளைப் பார்க்கிற பார்வை அது. மாமாவின் முகம் சுருங்கிக் கறுத்திருந்தது. பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பாட்டைத் தொடங்கினார். தாமதமாக, ஆளுக்கொரு சுதியில் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

சொல்லிவிட்டால் நெஞ்சு காலியாகும் என்று கிருபா நினைத்திருந்தாள். ஆகவில்லை. கண்ணாடிக்குள் அம்மாவின் முகம் மஞ்சளாக, வாய் லேசாகத் திறந்து தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆகஸ்ட் மாதத்து ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு அம்மாவுக்கு வலி கொஞ்சம் குறைவு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கிருபா வழக்கம்போலக் காகிதத்தைப் பார்த்தபடி நீளமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா திடீரென்று கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எல்கேஜி சுவரில் ஒட்டியிருந்த இருபத்தாறு எழுத்தையும் இருபத்திரண்டு வருஷம் பார்த்தவள். காகிதத்தின் நடுவில் தனியாக நின்ற ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

"இது கே தானே கண்ணு? பட்டம் படம் போட்டிருக்குமே."

"ஆமாம்மா."

"ஒரே ஒரு எழுத்துதான இருக்குது. நீ இத்தனை சொல்றயே?"

கம்ப்யூட்டரில் அப்படித்தான், ஒரு எழுத்துப் போட்டால் ஒரு முழுப் பேச்சு என்று அர்த்தம், இடம் அடைக்கக் கூடாது என்று அப்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று கிருபா சொன்னாள். அம்மா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கண்டுபுடிச்சிருக்கறாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா ஒருநாளும் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. படித்த பிறகு ரிப்பனுக்குள் சொருகச் சொல்வாள். சில நாள் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகச் சொல்லு கண்ணு, இன்னும் கொஞ்சம் சொல்லு என்பாள். கிருபா சொல்வாள்.

அப்படியானால் அம்மா யாருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்? தெரிந்துகொண்டுதான் மாசாணம் அக்காவிடமும் மாமாவிடமும் அதைச் சொல்லிச் சொல்லி வைத்தாளா? மகன் எழுதாததை, மகன் எழுதினதாக ஊர் நம்பவேண்டும் என்று? அப்படியென்றால் இப்போது கிருபா எழுத்தெழுத்தாகக் கிழித்துப் போட்டது சாமுவேலை இல்லை. பாட்டு முடியும் வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை. கோபம் போகவில்லை. அது திசை தெரியாமல் அவளைச் சுற்றியே வந்தது. தம்பியின் மேல், அந்த ஒற்றை இலவச இடத்தின் மேல், தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிட்டுப்போன அம்மாவின் மேல், தன் நாக்கின் மேல்.

நாலரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். சாமுவேலுக்காக மாமா இன்னொரு பிடி போட்டார். கிருபா அதைத் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணி வந்துவிட்டது என்று சந்தில் சத்தம் கேட்டது. எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர். துக்க வீடு என்று அது வராமல் இருக்குமா? வந்திருந்த பெண்கள் பாதிப்பேர் தங்கள் வீட்டுக் குடங்களை எடுக்க ஓடினார்கள். கிருபாவும் நான்கு குடங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். துக்கக்காரி என்று அவளை முன்னால் விட்டார்கள். யாரும் அவளோடு பேசவில்லை.

மாமா ஊருக்குப் புறப்பட்டு, பையை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்து நின்றார்.

"நீ அதைச் சொல்லாம இருந்திருக்கலாம் கண்ணு" என்றார்.

"ஆமாங்க மாமா" என்றாள்.

அவர் அவள் தலையில் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். அப்போதுதான் யாஸ்மின் அக்கா தன் வீட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். தம்பி மறுபடியும் கூப்பிட்டிருக்கிறான், லைனில் இருக்கிறான் என்றாள்.

"போய்ப் பேசிப்போட்டு வா" என்றார் மாமா. "கொடத்தை நான் பாத்துக்கறேன்."

கிருபா நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் போய் இறக்கிவைத்துவிட்டு, சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாஸ்மின் அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பிறகு அவளும் தன் குடத்தை எடுக்க உள்ளே போனாள்.

யாஸ்மின் அக்கா வீட்டின் திறந்திருந்த ஜன்னல் வழியாக, போன் மேசை மேல் பக்கவாட்டில் கிடத்திவைத்த ரிசீவர் தெரிந்தது. கிருபா அடுத்த குடத்தைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் நூல்போல வந்துகொண்டிருந்தது.